கப்பலில் ஹோட்டல் வேலை என்றால் எந்த வேலை?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 22 வயது. புதுச்சேரியில் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு வருடமாக அங்கேயே ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறான். சென்னை ஏஜென்ட் ஒருவர், "சொகுசுக் கப்பலில் ஹோட்டல் வேலை, மாதம் லட்ச ரூபாய், 3 லட்சம் கட்டினால் இரண்டே மாதத்தில் ஏற்றிவிடுகிறேன்" என்கிறாராம். கப்பலில் என்னென்ன பிரிவுகள், யாருக்குக் கீழே யார், எதில் சேர்ந்தால் மேலே வரலாம் என்பது அவர் கேள்வி. பணம் கட்டலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

நானும் முதுநகர்தான். 2006-இல் ஏறி 14 வருடம் பயணிகள் கப்பல்களில் இருந்தேன். ஏஜென்ட் எனக்குச் சொன்னது ரெஸ்டாரன்ட் வேலை. கையெழுத்துக்கு நீட்டிய தாளில் "கேலி யூட்டிலிட்டி" என்று இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் ஹோட்டல் பிரிவுதான், ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார். கேலி என்பது கப்பலின் சமையலறை. யூட்டிலிட்டி என்றால் கழுவுவது, துடைப்பது, குப்பை பிரிப்பது. அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை, அது நின்றால் கப்பலில் சாப்பாடே நின்றுவிடும். ஆனால் ரெஸ்டாரன்ட்டுக்கு மாறலாம் என்று சொன்னது நடக்கவே இல்லை. 3 காண்ட்ராக்ட் (ஒவ்வொரு முறை ஏறி இறங்கும் மாதங்களுக்கான ஒப்பந்தம்) போராடி, வேறு வழியாக, ஸ்டோர் பக்கம் போய்த்தான் மேலே வந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பதவியின் பெயரைக் கேளுங்கள். அந்த ஒரு சொல்தான் உங்கள் தம்பி எங்கே தூங்குவான், எங்கே சாப்பிடுவான், யாரிடம் லீவு கேட்பான், ஐந்து வருடம் கழித்து என்னவாக இருப்பான் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

சரி, பிரிவுகளுக்கு வருவோம். 2025 ஜூலையில் கார்டிலியா என்ற சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது நினைவிருக்கும். 2022-இல் அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போன அதே கப்பல்தான். (1990-இல் பிரான்சின் சான் நசேர் கட்டுந்துறையில் பிறந்த கப்பல் அது. அப்போது அதன் பெயர் நோர்டிக் எம்ப்ரஸ்.) அவ்வளவு பெரிய கப்பல் நம் கரையில் வந்து கட்ட ஆழம் இல்லாததால் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். இப்படி ஒரு கப்பல் கடலில் நிற்கும் காலையை மனதில் வைத்துக்கொண்டால் பிரிவுகள் சுலபமாகப் புரியும்.

எங்கே நங்கூரம் போடுவது, காற்று திரும்பினால் என்ன செய்வது, படகு பக்கத்தில் வரலாமா கூடாதா என்று தீர்மானிப்பது டெக் பிரிவு. நங்கூரச் சங்கிலியை இயக்கக் கப்பலின் முன்பக்கத்தில் நிற்பவர்களும் இவர்கள்தான். கப்பல் நிற்கும்போதும் விளக்கு எரிய, ஏசி ஓட, குழாயில் தண்ணீர் வர வேண்டும். அது இன்ஜின் பிரிவு. காலைச் சாப்பாடு, அறைச் சுத்தம், யார் எந்தப் படகில் ஏறுவது என்ற சீட்டு, மாலையில் பாட்டுக் கச்சேரி, இதெல்லாம் ஹோட்டல் பிரிவு. உலகத்தில் எந்த சொகுசுக் கப்பலை எடுத்தாலும் அடிப்படை இந்த மூன்றுதான். மூன்றுக்கும் மேலே ஒரே ஒருவர், கேப்டன்.

கேப்டனுக்கு அடுத்தவர் ஸ்டாஃப் கேப்டன். சரக்குக் கப்பலில் இந்தப் பதவி கிடையாது, அங்கே சீஃப் ஆபீசர்தான் இரண்டாவது ஆள். பயணிகள் கப்பலில் ஆயிரக்கணக்கான ஜனம் இருப்பதால், ஒழுங்கு, பாதுகாப்பு, செக்யூரிட்டி எல்லாவற்றையும் பார்க்கத் தனியாக ஒருவர் தேவைப்படுகிறார். நீங்கள் குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பவர் இவர்தான். இவர்களுக்குக் கீழே சீஃப், ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் ஆபீசர்கள். 4 மணி நேரம் வாட்ச், 8 மணி நேரம் ஓய்வு என்று 24 மணி நேரமும் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், ஆள் இருப்பார்கள். ஆபீசர் அல்லாத டெக் ஆட்களுக்குத் தலைவர் போசன். பழைய கப்பல்களில் நம் ஆட்கள் சாரங்கு என்று சொன்னது இவரைத்தான். கயிறு, பெயின்ட், லைஃப் போட், துரு சுரண்டுவது எல்லாம் போசன் கையில்.

இன்ஜின் பிரிவில் சீஃப் இன்ஜினியர் தலைவர். அவருக்குக் கீழே இன்ஜினியர்கள், மின்சாரம் பார்க்கும் ஆபீசர்கள், ஏசிக்குத் தனி ஆட்கள், ஃபிட்டர், மோட்டார்மேன், வைப்பர், பிளம்பர், தச்சர்வரைக்கும் வருவார்கள். இப்போதைய பெரிய கப்பல்களில் டீசல் இன்ஜின் கப்பலைத் தள்ளும் விசிறியை நேராகச் சுற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கிறது, அந்த மின்சாரத்தில் விசிறி சுற்றுகிறது, அதே மின்சாரத்தில்தான் அடுப்பும் எரிகிறது. அதனால் இது ஒரு சின்ன ஊரின் மின்வாரியமும் குடிநீர் வாரியமும் சேர்ந்தது மாதிரி. கடல்நீரை நல்ல தண்ணீராக்குவதும் இவர்கள்தான்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் உங்கள் தம்பியின் டிப்ளமோ செல்லாது. நாட்டிகல், மரைன் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் ஜிபி ரேட்டிங் என்ற ஆரம்பநிலைப் பயிற்சி படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் எடுத்த பையன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவனுக்கு அந்த வழி. சென்னை செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமே இருக்கிறது.

இப்போது ஹோட்டல் பிரிவு. கப்பல் ஊழியர்களில் பெரும்பகுதி இங்கேதான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஊழியர்கள் மட்டும் சுமார் 2,350 பேர். அதில் பிரிட்ஜையும் இன்ஜினையும் கழித்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு பெரிய கூட்டம் என்று. அவ்வளவு பேருக்கும் தலைவர் ஹோட்டல் டைரக்டர். அவருக்குக் கீழே தனித்தனி மரங்கள். ஒரு மரத்தில் ஏறியவர் அடுத்த மரத்துக்குத் தாவுவது அபூர்வம். ஏஜென்ட்டுகள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

முதல் மரம் ரெஸ்டாரன்ட். அசிஸ்டன்ட் வெயிட்டர், வெயிட்டர், ஹெட் வெயிட்டர், அதற்கு மேலே மேத்ர் தோத்தெல் என்கிற ரெஸ்டாரன்ட் தலைவர். பார் தனி வரிசை. இங்கே சம்பளத்தைவிட டிப்ஸ் முக்கியம். பல கம்பெனிகள் பயணியிடம் ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர்வரை டிப்ஸாகக் கணக்கில் சேர்த்து வாங்கிப் பங்கு பிரிக்கின்றன. ஆங்கிலம் சரளமாக இருக்க வேண்டும், முகம் எப்போதும் மலர்ந்திருக்க வேண்டும். ஒரே மேஜையில் 7 நாள் சாப்பிடும் குடும்பத்தின் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டாம் நாளே தெரிந்துவைத்திருக்கும் வெயிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு கலை. எல்லோருக்கும் வராது.

இரண்டாவது, ஹவுஸ்கீப்பிங். அறை பார்க்கும் ஸ்டூவர்டு, அவருக்கு மேலே சூப்பர்வைசர், எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பர். லாண்டரியும் இதில்தான். வேலை கடினம், நல்ல டிப்ஸ் உண்டு. வரவேற்பு மேஜை, கணக்கு, கரைச் சுற்றுலா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு, க்ரூஸ் டைரக்டர் தலைமையில் ஆட்டம் பாட்டு எல்லாம் தனித்தனி. இவற்றுக்கு மொழி வேண்டும். மருத்துவமும் ஒரு சின்னப் பிரிவு, ஓரிரு டாக்டர்கள், சில நர்ஸ்கள். நம் ஊரில் நர்சிங் படித்த பெண்கள் இதை யோசித்துப் பார்க்கலாம், ஐசியூ அல்லது அவசரப் பிரிவு அனுபவம் கேட்பார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்பா, கசினோ, கடை, போட்டோ போன்றவற்றைப் பல கப்பல்களில் வெளிக் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. அதில் சேர்ந்தால் உங்கள் முதலாளி கப்பல் கம்பெனி கிடையாது. சம்பளம், டிக்கெட், லீவு எல்லாவற்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய ஆள் வேறு. காண்ட்ராக்டில் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் தம்பிக்கு உரிய இடம் கேலி. அங்கே அவனுக்கு ஒரு சின்ன வசதியும் இருக்கிறது. கப்பல் சமையலறையின் பதவிப் பெயர்கள் எல்லாம் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சு சமையல் வல்லுநர் வகுத்த முறையிலிருந்து வந்தவை. கீழிருந்து மேலே போனால் கொமி (உதவிச் சமையல்காரர்), தெமி ஷெஃப், ஷெஃப் த பார்த்தி (ஒரு பகுதிக்குப் பொறுப்பானவர்), சூ ஷெஃப், எல்லோருக்கும் மேலே எக்ஸிக்யூட்டிவ் செஃப். குளிர்ந்த உணவு செய்யும் இடத்துக்கு கார்து மான்ஜே என்று பெயர். புதுச்சேரித் தெருப் பலகைகளைப் படித்து வளர்ந்த பையனுக்கு இதெல்லாம் வாயில் சுலபமாக வரும். கப்பலில் ஏறுமுன் சஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்செஸில் ஆறு மாதம் பிரெஞ்சு படித்தால், பிரெஞ்சுக்கார செஃப்கள் இருக்கும் கப்பலில் அதன் மதிப்பு தெரியும்.

கேலிக்குள்ளேயே மறுபடியும் பிரிவுகள்: சூடான சமையல், குளிர்ந்த பகுதி, பேக்கரி, பேஸ்ட்ரி, இறைச்சி வெட்டும் அறை, காய் நறுக்கும் அறை, பாத்திரம் கழுவும் பகுதி. டிப்ளமோவும் ஒரு வருட அனுபவமும் உள்ள பையன் "கொமி 3" அல்லது "ட்ரெய்னி குக்" என்று ஏற வேண்டும். "யூட்டிலிட்டி" என்று ஏறினால் அந்த டிப்ளமோவைக் கப்பலில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொமியிலிருந்து ஷெஃப் த பார்த்தி ஆக 5 அல்லது 6 காண்ட்ராக்ட் ஆகலாம், கெட்டிக்காரன் முன்னாலும் வருவான். வழி திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நான் இருந்த ஸ்டோர் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். இதன் தலைவருக்கு ப்ரொவிஷன் மாஸ்டர் என்று பெயர். வாரம் ஒரு நாள், பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள், எங்களுக்கு லோடிங் நாள். காலை 5 மணிக்கு கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும். கரையில் லாரிகள் வரிசையாக நிற்கும், ஃபோர்க்லிஃப்ட் சாமான் அடுக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கும். நான் கையில் தெர்மாமீட்டருடன் வாசலிலேயே நிற்பேன். பால் அட்டைப்பெட்டியின் நடுவில் ஊசியைச் செருகிப் பார்ப்பேன். 5 டிகிரிக்கு மேலே காட்டினால் அந்தப் பலகை லாரிக்கே திரும்பும். லெட்டூஸ் பெட்டியைத் திறந்து அடியில் கை விட்டுப் பார்ப்பேன், மேலே பச்சையாக இருக்கும், அடியில் ஈரம் கசிந்து பழுப்பாக இருக்கும். முதுநகர் மீன் மார்க்கெட்டில் அம்மா கூடையைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குவாரே, அதேதான். உறைந்த இறைச்சி போகும் அறையில் மைனஸ் 18 டிகிரி. கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே 15 நிமிஷம், வெளியே வந்தால் மியாமி வெயில். மதியம் 3 மணிக்குள் கதவு மூட வேண்டும், ஏனென்றால் 4 மணிக்குக் கப்பல் கிளம்பும். அன்று விட்ட சாமான் அடுத்த வாரம்தான்.

சுத்தத்தில் கப்பல் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100-க்கு மதிப்பெண். 85 வாங்கினால் ஃபெயில், 86-லிருந்துதான் பாஸ். வயிற்றுப்போக்கு வந்ததை மறைத்துச் சமையலறைக்கு வருவது பெரிய குற்றம். சொன்னால் தனி அறையில் வைப்பார்கள், அறிகுறி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி உணவைத் தொட விடுவார்கள். தம்பியிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். நம் ஊர்ப் பையன்கள் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பார்கள். மறைத்தால்தான் வேலை போகும்.

பதவி எதுவானாலும் எல்லோருக்கும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு, அது உயிர் காக்கும் வேலை. ஏறியவுடன் ஓர் அவசரகால எண் கொடுப்பார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், வெயிட்டர் படிக்கட்டில் நின்று வழி காட்டுவார், கொமி லைஃப் ஜாக்கெட் கொடுப்பார், அறை ஸ்டூவர்டு ஒவ்வோர் அறையாகத் தட்டிப் பார்ப்பார். 2012 ஜனவரி 13-இல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கொங்கோர்டியா பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்தில் எப்படித் தப்புவது என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாறி, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயணிகளுக்குப் பயிற்சி நடக்க வேண்டும் என்று 2015-லிருந்து கட்டாயமானது. அந்தச் செய்தி வந்தபோது நான் கடலில் இருந்தேன். அதுவரை ட்ரில்லில் அரைத் தூக்கத்தில் நிற்பவர்கள்கூட அடுத்த வாரம் ஜாக்கெட் கயிற்றைச் சரியாக இழுத்துக் கட்டினார்கள்.

வாழ்க்கை முறை பற்றியும் பதவியின் பெயர் பேசும். கப்பலில் ஆபீசர், ஸ்டாஃப், க்ரூ என்று மூன்று படி. பாடகரும் கடைக்காரரும் ஸ்டாஃப், கொமியும் யூட்டிலிட்டியும் க்ரூ. சாப்பிடும் மெஸ்ஸே பெரும்பாலும் தனித்தனி. க்ரூவுக்குக் கீழ்த்தளத்தில் இரண்டு பேர், சில கப்பல்களில் அதற்கும் மேல், சேர்ந்து ஓர் அறை. ஜன்னல் இருக்காது. முதல் மாதம் பகல் எது இரவு எது என்று குழம்பும். க்ரூ மெஸ்ஸில் சோறு தினமும் உண்டு, இந்தியர்கள் நிறைய இருந்தால் பருப்பும் குழம்பும் உண்டு. தோள்பட்டைப் பட்டிகள் பார்த்து யார் எந்தப் பிரிவு என்று கண்டுகொள்ளலாம்: கேப்டனுக்கு நான்கு, பல கம்பெனிகளில் பட்டிகளுக்கிடையே டாக்டருக்குச் சிவப்பு, இன்ஜினியருக்கு ஊதா.

இனி பணம். கேலி, ரெஸ்டாரன்ட், ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குக் காண்ட்ராக்ட் பொதுவாக 6 முதல் 9 மாதம். வீட்டில் இருக்கும் இரண்டு மாதத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆகவே ஏஜென்ட் சொல்லும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் 80,000 வீதம் 8 மாதம் என்றால் 6,40,000. அதை 10 மாதத்துக்குப் பிரித்தால் 64,000. தொடக்கப் பதவிக்கு மாதம் லட்சம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். 2006-இல் எனக்கு 550 டாலர்.

உழைப்பு எவ்வளவு? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்க வேண்டும். நடைமுறையில் கேலியில் நாளுக்கு 10, 11 மணி நேர வேலை, வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

அதே உடன்படிக்கையில்தான் உங்கள் 3 லட்சத்துக்கும் பதில் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி என்கிற கடலோடிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல் கம்பெனியைச் சேர்ந்தது. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்பிஎஸ்எல் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஏஜென்ட்டின் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். நான் 2006-இல் அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு லட்சம் கட்டினேன். மீட்க இரண்டு காண்ட்ராக்ட் ஆனது. அந்த நகை திரும்பி வந்தபோது அம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை, தங்கையின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்.

பயிற்சிச் செலவு வேறு. நீச்சலும் உயிர் தப்புதலும், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, கப்பல் பாதுகாப்பு என்று சில குறுகிய பயிற்சிகள் கட்டாயம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், நேரில் போய், ரசீதோடு கட்டுங்கள். "சான்றிதழ் மட்டும் போதும், வகுப்புக்கு வர வேண்டாம்" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் கடல் வேலைக்கான கதவே அடைபடும். தேவனாம்பட்டினத்துப் பையன்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, ஆனால் தீயணைப்பு வகுப்பைத் தூங்காமல் கேட்கச் சொல்லுங்கள். கப்பலில் நெருப்பு வந்தால் கூப்பிட வெளியே ஃபயர் சர்வீஸ் கிடையாது.

ஏஜென்ட்டிடம் அடுத்த முறை பேசும்போது இவ்வளவு கேட்டால் போதும்: உரிம எண் என்ன, காண்ட்ராக்டில் முதலாளி யார், எத்தனை மாதம், பதவியின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறது. வாயால் சொல்வதை வாங்கிக்கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அந்தத் தாளின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள். தம்பியின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு, பதவி இருக்கும் வரி மட்டும் தெரிந்தால் போதும்.